மினி லேத்: சாடிலுக்கு அடியில் இருக்கும் இரண்டு தகடுகள்

வீட்டுப் பட்டறைக்கென்று வாங்கப்படும் லேத்துகளில் உலகெங்கும் பரவலாகப் புழங்குவது 7×14 வகை மினி லேத். 7 என்பது அதில் சுழலக்கூடிய ஜாபின், அதாவது கடையப்படும் பொருளின், அதிகபட்ச விட்டம், 14 என்பது இரு சென்டர்களுக்கு இடையிலான தூரம். இரண்டும் இன்ச் கணக்கு. சீனாவில் தயாராகும் இந்த லேத் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு பெயரிலும் நிறத்திலும் விற்கப்படுகிறது. சீக் நிறுவனத்தின் சி2, சி3 மாதிரிகள் இந்தக் குடும்பத்தில் நன்கு அறியப்பட்டவை. மூன்று தாடைச் சக், வேகத்தைக் குமிழால் கூட்டிக் குறைக்கும் டிசி மோட்டார், மரை வெட்டுவதற்கான பல்சக்கரங்கள் போன்ற விவரங்கள் எல்லா விற்பனைப் பட்டியலிலும் உள்ளவைதான். எடை ஏறத்தாழ 40 கிலோ. இரண்டு பேர் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம்.

வீட்டில் உலோகம் கடைவது புதிய பொழுதுபோக்கு அல்ல. இங்கிலாந்தில் பெர்சிவல் மார்ஷல் 1898-இல் தொடங்கிய ‘மாடல் இன்ஜினியர்’ இதழ் இதற்காகவே பிறந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், நாட்டிங்ஹாமை அடுத்த பீஸ்டனில் மைஃபோர்டு நிறுவனம் எம்எல்7 லேத்தை வெளியிட்டது. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பட்டறைகளின் அளவுகோலாக நின்றது அந்த லேத்தான். அதன் சென்டர் உயரம் மூன்றரை இன்ச். இன்றைய மினி லேத்தின் சென்டர் உயரமும் அதுவே. அளவில் இரண்டும் ஒன்று. தரத்தில் இருக்கும் இடைவெளி, லேத்தின் அடித்தளமான பெட்டும் அதன்மேல் டூலைச் சுமந்து நகரும் சாடிலும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டி நகர்கின்றன என்பதில்தான். மினி லேத்தின் மிகப் பெரிய குறையும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குறையைப் புரிந்துகொண்டவருக்கு இது நல்ல லேத். புரிந்துகொள்ளாதவருக்கு ஓயாத தொல்லை.

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது, லேத் முழுவதும் பூசப்பட்ட தடித்த கிரீஸ். கடல் பயணத்தில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசப்படுவது அது, மசகு அல்ல. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து எடுத்துவிட்டு, நல்ல எண்ணெய் போட்ட பிறகே ஓட்ட வேண்டும். துடைக்கும்போது மூலைமுடுக்குகளில் இரும்புத்தூளும் வார்ப்பு மணலும் கையில் தட்டுப்படும். அவை பெட்டுக்கும் சாடிலுக்கும் நடுவே போனால் இரண்டையும் தேய்த்துவிடும்.

முதல் வாரம் இந்த லேத் மனத்தைக் கவரும். அலுமினியத்தில் முகம் கடைந்தால் கண்ணாடி போல் மின்னும். பித்தளை வெண்ணெய் போல் வெட்டுப்படும். மென்மையான இரும்பில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டு போட்டாலும் மோட்டார் திணறாது. சிக்கல் தொடங்குவது பார்ட்டிங்கில், அதாவது கடைந்து முடித்த ஜாபைக் கம்பியிலிருந்து அறுத்து எடுக்கும் வேலையில். 20 மி.மீ. இரும்புக் கம்பியில் பார்ட்டிங் டூலைச் செலுத்தியதும் லேத் கிடுகிடுவென்று நடுங்கும். வெட்டிய பள்ளத்தின் சுவர்களில் வரிவரியாகத் தழும்பு விழும். மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் போனதும் டூல் ஜாபுக்குள் பாய்ந்து சிக்கிக்கொள்ளும். சக் நின்றுவிடும், அல்லது டூல் ஒடியும். புதிதாக வாங்கியவர்களில் பலர் மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்று முடிவுகட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அந்த முடிவு தவறு.

சாதாரணக் கடைசலில் டூலின் முனை சிறிது உலோகத்தை மட்டுமே சீவுகிறது. பார்ட்டிங்கில் டூலின் முழு அகலமும், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு, ஒரே நேரத்தில் வெட்டுகிறது. அப்போது ஜாப் டூலைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஓட்டுபவர் நிற்கும் பக்கமாகவும் தள்ளுகிறது. இந்தத் தள்ளல் விழும் இடம் பெட்டுக்கு ஏறத்தாழ 90 மி.மீ. மேலே. அத்தனை உயரத்தில் தள்ளினால் சாடிலின் பின்பக்கம் பெட்டைவிட்டு எழும்பத்தான் பார்க்கும். அதை எழும்ப விடாமல் பிடித்துவைப்பவை, சாடிலின் அடியில் முன்னும் பின்னும் திருகப்பட்டு, பெட்டின் அடிப்பகுதியைத் தொட்டு நகரும் இரண்டு இரும்புத் தகடுகள்.

இந்தத் தகடுகளை வடிவமைத்த விதத்தில்தான் தொழிற்சாலை சிக்கனம் பார்த்திருக்கிறது. தகட்டின் திருகுகளை முழுதாக முறுக்கினால் சாடில் பெட்டைக் கவ்விக்கொண்டு நகராமல் நின்றுவிடும். அதைத் தவிர்க்க, தகட்டைச் சாடிலோடு இழுத்துப் பிடிக்கச் சில திருகுகளையும், எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்தச் சில சிறு திருகுகளையும் வைத்து, இரண்டுக்கும் நடுவே தகட்டை அந்தரத்தில் தொங்க விட்டிருக்கிறார்கள். அப்படித் தொங்கும் தகடு சாய்ந்துபோகிறது. பெட்டை முழுப் பரப்பாலும் தொடாமல் ஒரு விளிம்பால் மட்டும் தொடுகிறது. வேலை நடுக்கத்தில் திருகுகள் மெல்ல இளகுகின்றன. முதல் வாரம் இறுக்கமாக இருந்த சாடில் மூன்றாவது வாரம் ஆடத் தொடங்குவது இதனால்தான்.

ஆட்டத்தை அளக்க ஒரு டயல் கேஜும் மேக்னெட் ஸ்டாண்டும் போதும். ஸ்டாண்டைப் பெட்டில் ஒட்டவைத்து, கேஜின் முனையைச் சாடிலின் பின்பக்க மேற்பரப்பில் வைக்க வேண்டும். ஒரு மரக்கட்டையை நெம்புகோலாக்கிச் சாடிலை மேல்நோக்கி நெம்பினால் முள் எவ்வளவு நகர்கிறதோ அதுவே ஆட்டம். 0.02 மி.மீ. அளவுக்குள் அடங்கினால் நல்லது. முள் அதைப்போலப் பல மடங்கு ஓடினால், எவ்வளவு விலையுயர்ந்த டூல் வாங்கினாலும் பார்ட்டிங் நடக்காது.

சரிசெய்ய ஒரு முழு நாள் ஆகும். பெட்டின் வலது முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கை எடுத்துவிட்டு, சாடிலை இழுத்து நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் வலது முனைத் தாங்கியைக் கழற்றினால் சாடிலை வலப்பக்கமாக உருவி எடுத்துவிடலாம். பெட்டின் அடி விளிம்புகளில் பிசிறு இருந்தால் நுண்ணரத்தால் நீவ வேண்டும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்து, தகடுகளை அதில் தேய்த்துச் சமதளமாக்க வேண்டும். தள்ளும் சிறு திருகுகளை ஒரேயடியாக விலக்கிவிட்டு, தகட்டுக்கும் சாடிலுக்கும் நடுவில் மெல்லிய பித்தளை ஷிம்களை வைத்து, பிடிக்கும் திருகுகளை முழுதாக முறுக்க வேண்டும். ஷிம் மெலிதானால் சாடில் இறுகும், தடித்தால் ஆடும். இறுகி நிற்கும் நிலையில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், சாடில் வழுக்கி நகரும், ஆனால் ஆடாது என்ற நிலை வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்து, எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்துக்கு ஏற்ப வைப்பதே சரி. பித்தளை ஷிம் கிடைக்காவிட்டால் குளிர்பான அலுமினியக் கேனின் சுவர் உதவும். அதன் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.

அடுத்து, சாடிலின் மேல் டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, அதன் மேல் அமர்ந்த காம்பவுண்ட் ஸ்லைடு ஆகியவற்றின் பக்கவாட்டுத் திருகுகளையும் இறுக்க வேண்டும். கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூவில் பேக்லாஷ் (மரைகளுக்கு இடையிலான தளர்ச்சி) அதிகம் இருந்தால், டூல் உலோகத்தைக் கடித்த நொடியில் அந்த இடைவெளி முழுவதையும் தாண்டி ஜாபுக்குள் இழுக்கப்படும். டூல் பாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பார்ட்டிங் நேரத்தில் காம்பவுண்ட் ஸ்லைடைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரே துண்டாகக் கடைந்த இரும்புக்கட்டையின் மேல் டூல் போஸ்ட்டை நிறுத்தினால் லேத்தின் உறுதி இன்னும் கூடும்.

பிரிட்டனின் மாடல் இன்ஜினியர் வட்டத்தில் பெயர் பெற்ற ஜார்ஜ் தாமஸ் பரிந்துரைத்த வழி, டூலைக் கவிழ்த்துக் கிராஸ் ஸ்லைடின் பின்பக்கத்தில் நிறுத்துவது. முன்பக்க டூல் அழுத்தத்தில் வளைந்தால் ஜாபுக்குள் இன்னும் ஆழமாகப் புகும். பின்பக்கத்தில் கவிழ்த்து வைத்த டூல் வளைந்தால் ஜாபைவிட்டு விலகும், அதனால் பாயாது. அருமையான யோசனை. ஆனால் அங்கே வெட்டு விசை சாடிலை நேராக மேல்நோக்கித் தூக்குகிறது. தூக்கவிடாமல் பிடிப்பவை அதே இரண்டு தகடுகள்தான். தகடுகளைச் சரிசெய்யாமல் பின்பக்க டூல் போஸ்ட் வாங்குவது வீண்.

தகடுகள் சரியானதும், அதே டூலும் அதே மோட்டாரும் அதே 20 மி.மீ. கம்பியை அறுத்து முடிக்கும். வேகம் மட்டும் கவனம். ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூலால் மென்மையான இரும்பை நிமிடத்துக்கு 30 மீட்டர் என்ற வெட்டு வேகத்தில் கடைவதானால், 20 மி.மீ. விட்டத்துக்குச் சுமார் 480 சுற்று வரும். பார்ட்டிங்குக்கு அதில் பாதி போதும். மோட்டார் தாழ்ந்த வேகத்தில் வலு குறைவதால், கியர் உள்ள மாதிரிகளில் லோ கியரில்தான் ஓட்ட வேண்டும். எண்ணெயைத் தாராளமாக விட வேண்டும். டூலைத் தயங்கித் தயங்கிச் செலுத்தக் கூடாது. சீவல் சுருண்டு வந்துகொண்டே இருக்கும்படி சீராகச் செலுத்த வேண்டும்.

மற்ற குறைகள் இதற்கு அடுத்தவை. பல மாதிரிகளில் டெயில்ஸ்டாக்கை ஒவ்வொரு முறை நகர்த்தவும் ஸ்பேனர் தேட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாகக் கையால் பூட்டும் நெம்புகோல் பொருத்திக்கொள்வது அவசியம். கிராஸ் ஸ்லைடு டயலில் சுற்றுக்கு 1 மி.மீ., அதற்கு 40 கோடுகள், ஒரு கோட்டுக்கு 0.025 மி.மீ. என்று பிரித்திருப்பது மனக்கணக்குக்கு இடைஞ்சல். டயல் காட்டுவது ஆரத்தை. விட்டம் அதன் இருமடங்கு குறையும். ஹெட்ஸ்டாக்கினுள் பிளாஸ்டிக் பல்சக்கரம் உள்ள மாதிரிகளில் டூல் சிக்கினால் முதலில் போவது அதன் பல்தான். பெல்ட் வைத்த மாதிரி கிடைத்தால் அதையே எடுக்கலாம்.

உபகரணங்களுக்கு ஆகும் செலவு லேத்தின் விலையை எட்டும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வது நல்லது. டயல் கேஜ், வெர்னியர், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் ஆகிய அளவுக் கருவிகள் முதலில் வர வேண்டும். பிறகு டூல் தீட்ட ஒரு கிரைண்டர், சில ஹெச்எஸ்எஸ் துண்டுகள், டெயில்ஸ்டாக்குக்கு டிரில் சக். நான்கு தாடைச் சக்கும் விரைவு டூல் போஸ்ட்டும் அதற்குப் பின்னால் போதும். சக் சாவியை ஒருபோதும் சக்கிலேயே விட்டுவைக்கக் கூடாது. கண்ணாடி அணியாமல் லேத்தைச் சுழலவிடக் கூடாது. கையுறையோ தொங்கும் துணியோ லேத்தின் பக்கம் வரக் கூடாது. நீண்ட சீவலைக் கையால் இழுக்காமல் கொக்கியால் எடுக்க வேண்டும்.

பீஸ்டனில் மைஃபோர்டு ஆலை 2011-இல் மூடப்பட்டது. நல்ல நிலையில் உள்ள பழைய மைஃபோர்டு கிடைப்பவர் அதையே வாங்கலாம். அது பல ஆண்டு உழைக்கும். கிடைக்காதவருக்கு மினி லேத் தகுதியான தேர்வு. ஆனால் அதை முடிந்த பொருளாக அல்ல, முடிக்க வேண்டிய பொருளாக வாங்க வேண்டும். லேத் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எதையும் கடையாமல், சாடிலுக்கு அடியில் உள்ள அந்த இரண்டு தகடுகளைச் சரிசெய்துவிட வேண்டும்.