திரும்பி வரும் பாதி

துடுப்பு இயந்திரத்தில் நெடுந்தூரம் போகிறவரை எல்லோரும் அவருடைய இழுப்பைக் கொண்டு எடைபோடுவார்கள். எனக்கு அவர் இழுத்து முடித்துத் திரும்பி வரும் விதம்தான் முக்கியம். அறுபதைத் தாண்டிய ஒருவர் அதைச் சரியாகச் செய்தால் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இழுக்கும்போது முதலில் கால்கள் உதைக்கும், பிறகு முதுகு சாயும், கடைசியில்தான் கைகள் மடங்கும். திரும்பும்போது வரிசை தலைகீழ்: கை நீண்டு, இடுப்பிலிருந்து உடல் முன்சாய்ந்து, கைப்பிடி முழங்காலைக் கடந்த பிறகே கால் மடங்க வேண்டும். நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் ஒன்றுக்கு 3 நொடி. அதில் உழைப்பு ஏறக்குறைய 1 நொடி. மீதி 2 நொடியும் இருக்கை பதறாமல் நகர, இயந்திரத்தின் சக்கரம் காற்றை அறுத்தபடி தானாகச் சுழலும். மூச்சு சீராவதும் தொடை இளகுவதும் அப்போதுதான். இளைஞர் அந்த 2 நொடியை விழுங்கிவிட்டு உடல்பலத்தால் சமாளிக்கலாம். மூத்தவருக்கு அது கட்டுப்படியாகாது. அதனாலேயே அவர்களில் தேர்ந்தவர்களின் அசைவில் வீண் என்று எதுவும் இருப்பதில்லை.

காற்றுச் சக்கரத்தின் கணக்கு கறாரானது. வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் ஆற்றல் 8 மடங்கு வேண்டும். 500 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில் கடக்கிறவர் வெறும் 2 நொடி குறைக்க, சுமார் 4 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். 42,195 மீட்டர் மாரத்தானில், தொடக்க உற்சாகத்தில் செலவழித்த அந்த 4 சதவீதம் மூன்றாவது மணி நேரத்தில் முதுகில் தெரியும். சக்கரத்துக்குள் காற்று புகும் திறப்பை உச்ச அளவான 10-இல் வைத்து இழுப்பதை வீரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது முரட்டுத்தனமாகவே படுகிறது. வயதான இடுப்புக்கு 3 அல்லது 4 போதும்.

அயர்லாந்தின் ரிச்சர்ட் மார்கன் 73 வயதில்தான் இந்த இயந்திரத்தில் உட்கார்ந்தார். பிறகு தன் வயதுப் பிரிவில் நான்கு முறை உலகச் சாம்பியன். 92 வயதில் ஆய்வாளர்கள் முன் அவர் 2,000 மீட்டர் இழுத்தபோது நாடித்துடிப்பு 153 வரை ஏறியது. அவருடைய பயிற்சியில் எனக்குப் பிடித்தது அதன் அளவுதான். வாரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அதில் 70 சதவீதம் இலகுவாக, 20 சதவீதம் கடினமாக, மூச்சு முட்ட இழுப்பது மிச்சம் 10 சதவீதம் மட்டுமே. இழுப்புக்குள் இருக்கும் அதே நிதானம் அவருடைய வாரத்துக்குள்ளும் இருந்தது. இதோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு, இனி முடியாது என்கிற வரை எடைப்பயிற்சியும் செய்தார்.