படைப்பாளியின் படியும் தரகரின் தராசும்

மலர்க் குழு அன்பர்கள் கட்டுரை கேட்டபோது, "இலக்கியமோ வியாபாரமோ, உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள் ஐயா" என்றார்கள். நாற்பது ஆண்டுகள் தானிய மண்டியில் கணக்கு எழுதியவன் நான். இரவில் பழைய நூல்களைப் புரட்டியவன். இரண்டும் சந்திக்கிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். பாட்டுக்காரர், ஓவியர், எழுத்தாளர் போன்றோருக்கு ரசிகர்கள் மாதந்தோறும் பணம் கொடுக்க வழி செய்யும் இணையத் தரகு நிறுவனங்கள்தான் அந்தப் பொருள்.

இது முற்றிலும் புதுச் சங்கதி அல்ல. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, புத்தகம் வருமுன்பே பலரிடம் கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் சம்பளத்தில் அவ்வளவு பெரிய நூலை அச்சேற்ற முடியுமா? கையொப்பமிட்டவருக்கும் பதிப்பாசிரியருக்கும் நடுவே கமிஷன் எடுக்கும் கம்பெனி எதுவும் இல்லை. இன்று நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தராசைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பேட்ரியான் வந்த விதம்

இத்தகைய நிறுவனங்களில் பேர்பெற்றது பேட்ரியான். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2013இல் தொடங்கியது. தொடங்கிய இருவரில் ஜாக் காண்டே இசைக்கலைஞர்; மற்றவர் சாம் யாம், கணினித் துறைக்காரர். காண்டே கைப்பணத்தைக் கொட்டிப் பாட்டுப் படம் எடுத்து யூட்யூபில் போடுவார். ஏராளமானோர் பார்ப்பார்கள், விளம்பரப் பணமாக வருவதோ சொற்பம். பார்க்கிற லட்சம் பேரைவிட, மாதம் ஐந்து டாலர் கொடுக்கிற நூறு பேர் மேல் என்ற கணக்குதான் இந்த வியாபாரத்தின் அடிப்படை. தொடக்கத்தில் தரகு 5 சதவீதம்; அட்டைக் கட்டணம் தனி.

இதற்கு முன்பே, 2009இல், கிக்ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. ஆனால் அது ஒரு வேலைக்கு ஒரு தடவை பணம் திரட்டும் முறை. குறித்த தொகை சேராவிட்டால் யாரிடமும் காசு எடுப்பதில்லை. பேட்ரியானோ மாதப்படி. படைப்பாளியின் அரிசியும் வீட்டு வாடகையும் அதை நம்பி நிற்கின்றன. ஆகவே தரகர் ஒருவரை வெளியே தள்ளினால், அடி நேரே வயிற்றில் விழுகிறது.

கூலியை யார் தலையில் வைப்பது?

முதல் சோதனை 2017 டிசம்பரில் வந்தது. அதுவரை ஒருவர் பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால், மாதம் ஒரே தடவை பத்து டாலராக எடுத்து வந்தார்கள். இனி ஒவ்வொரு கொடைக்கும் தனியாக 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் கொடுப்பவரிடமே வாங்குவோம் என்று பேட்ரியான் அறிவித்தது. ஒரு டாலர் கொடுக்க நினைத்தவர் 1.38 டாலர் கொடுக்க வேண்டும். நூறு டாலர் கொடுப்பவருக்கு இது பெரிசாகத் தெரியாது. ஒரு டாலர்காரருக்குத்தான் சுமை. மண்டியில் ஒரு மூட்டைக்காரனிடமும் நூறு மூட்டைக்காரனிடமும் ஒரே எடைக்கூலி கேட்டால் சின்னவன் வேறு மண்டிக்குத்தானே போவான்? அதேதான் நடந்தது. ஆதரவாளர்கள் திரள் திரளாக விலகினார்கள். ஒரு வாரத்திலேயே திட்டத்தைக் கைவிட்டுக் காண்டே மன்னிப்புக் கேட்டார்.

பிறகு 2019இல் புதிதாகச் சேரும் படைப்பாளிகளுக்கு 5, 8, 12 சதவீதம் என மூன்று படிகள் வைத்தார்கள். 2025 ஆகஸ்ட் முதல் புதியவர்களுக்குப் பொதுவாக 10 சதவீதம். பழையவர்களுக்குப் பழைய வீதம் நீடித்தது. தரகு ஏறியதை நான் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டிச் சொல்லி ஏற்றியது நேர்மை. முதலீட்டாளர்கள் 2021இல் இந்த நிறுவனத்தை 400 கோடி டாலர் என மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டே 17 சதவீத ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறர் முதல் போட்ட கடையில் வளர்ச்சி நின்றால் வாடகைக்கும் வட்டிக்கும் பதில் சொல்ல வேண்டுமே!

எது கூடாது என்று யார் சொல்வது?

இரண்டாவது சோதனை இதைவிடக் கடினம். 2018 டிசம்பரில் ஒரு பிரிட்டிஷ் யூட்யூப் பேச்சாளரைப் பேட்ரியான் நீக்கியது. இழிசொற்களைப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. ஆனால் அவர் பேசியது பேட்ரியானில் அல்ல, வேறொருவரின் யூட்யூப் நிகழ்ச்சியில். அந்தச் சொற்கள் இழிந்தவைதாம்; அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கேள்வி வேறு: விதி எந்த வாசல்வரை செல்லும் என்பதை எல்லாருக்கும் விளங்கும்படி முன்னமேயே சொல்லியிருந்தார்களா? இதே கேள்வியை எழுப்பிச் சாம் ஹாரிஸ் போன்ற பெரிய வருவாய்க்காரர்கள் வெளியேறினார்கள். நீக்கப்பட்டவர்களில் சிலர் சப்ஸ்கிரைப்ஸ்டார் என்ற வேறு தளத்துக்குப் போனபோது, பேபால் நிறுவனம் அத்தளத்துக்குப் பணம் வரும் வழியையே அடைத்துவிட்டது.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு. விதியை எழுதுபவர் தரகர் என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் பேனா பிடிக்கிற கை வேறு. 2018இல் வயது வந்தோர்க்கான படைப்புகள் மீது பேட்ரியான் கெடுபிடி செய்தபோது, பணம் கடத்தும் கூட்டாளி நிறுவனங்களின் நிபந்தனை என்றுதான் காரணம் சொன்னது. லண்டனில் உள்ள ஒன்லிஃபேன்ஸ் நிறுவனம் 2021 ஆகஸ்டில் அப்பட்டமான பாலியல் படங்களைத் தடை செய்வதாக அறிவித்து, ஆறே நாளில் திரும்பப் பெற்றது. வங்கிகளின் நெருக்குதலே காரணம் என்று அதன் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சரக்கு குடும்பத்தோடு பார்ப்பதற்கல்ல, அது இருக்கட்டும். ஒழுக்கமே காரணமானால் ஆறு நாளில் மாறுமா? மாறியது வங்கியின் சம்மதம்தான். 2024இல் ஆப்பிள் நிறுவனம் தன் செயலி வழியாக வரும் புதுச் சந்தாக்களில் 30 சதவீதம் கேட்டபோதும் இதே பாடம். தரகருக்கு மேலே பெருந்தரகர்.

நம் நாட்டிலும் இதைக் கண்டோம். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல், அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகக் கூடுதல் உறுதிப்பாடு வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்தியது. நுகர்வோருக்கு நல்ல விதி. ஆனால் என் மருமகள் ஒரு வெளிநாட்டு அறிவியல் பேச்சாளருக்கு அனுப்பி வந்த மூன்று டாலர் அந்த மாதமே நின்றுபோயிற்று. அவரை யாரும் தடை செய்யவில்லை. ஆனாலும் அவர் படி நின்றது.

சின்னவன் வழக்கு

இனி என் முக்கியக் குறைக்கு வருகிறேன். ஒரு படைப்பாளிக்கு மாதம் 50 டாலர் வருகிறது என்று வையுங்கள். 10 சதவீதத் தரகென்றால் நிறுவனத்துக்கு ஐந்து டாலர். அவர்மேல் புகார் வந்தால், படித்துப் பார்த்து, அவர் மொழியும் சூழலும் அறிந்து, விளக்கம் கேட்க ஒரு ஆள் அரைநாள் உட்கார வேண்டும். அந்த அரைநாள் கூலி அவர் தரும் பல மாதத் தரகைவிட அதிகம். ஆகவே சின்னவனைச் சட்டென்று நீக்குவது லாபம். பெரியவனைக் கேட்டு விசாரிப்பது லாபம். யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை; கணக்கே இப்படிச் சாய்ந்திருக்கிறது. உள்ளடக்கக் கட்டுப்பாடு வேறு, வியாபார நிலைப்பு வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதைக் கவனிப்பதில்லை. நீதிக்கும் கூலி உண்டு. அதைத் தரகுக்குள் சேர்த்துக் கணக்கிடாத கடை, நீதியைக் கடனில் நடத்துகிறது.

அரசன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தபோது சேக்கிழார் அவனைத் திருப்பிப் பெரியபுராணம் பாடினார் என்பது மரபு. என் போன்ற சமணக் குடியில் பிறந்தவனுக்கு அந்தக் கதை கொஞ்சம் நெருடும்தான். ஆனாலும் அவர் காரணம் சொன்னார், பதிலாக ஒரு பெருநூலையே தந்தார். இரண்டு நூலும் இன்று என் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காரணம் சொல்லாத தடையில்தான் இந்தப் பெருந்தன்மைக்கு இடமில்லை.

முடிவாக

தரகு 12 சதவீதமே ஆகட்டும், கொடுக்கலாம். அதற்கு ஈடாக நாலு விஷயம் கேட்க வேண்டும். விதி எழுத்தில் இருக்க வேண்டும், எல்லையோடு. நீக்குமுன் காரணமும் தவணையும் தர வேண்டும். ஒரு தடவையாவது மனிதர் ஒருவர் முறையீட்டைக் கேட்க வேண்டும். அதுவரை சேர்ந்த பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. குழந்தைகளைக் கெடுப்பது, கொலை மிரட்டல் போன்றவற்றுக்குத் தவணை வேண்டாம். அங்கே உடனே கதவைச் சாத்துவதுதான் தர்மம்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பாடுபவர், வரைபவர், பாடம் சொல்பவர் பலர் இந்தத் தளங்களில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆதரவாளர்களின் மின்னஞ்சல் பட்டியலை எடுத்துக்கொள்ளப் பேட்ரியான் இடம் தருகிறது. அது பாராட்டத் தக்கது. மாதம் ஒரு தடவை அதை எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மண்டி மாறலாம், தரகர் மாறலாம். வாடிக்கைக்காரர் முகவரி நம் பேரேட்டில் இருந்தால் மறுநாளும் கடை திறக்கலாம்.

குற்றம் குறை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.