50ஐ 60 ஆக்கிப் பார்

மெஷின் டிராயிங் படித்தவர்களுக்கு பிளம்மர் பிளாக் பழைய பழக்கம். சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் இருக்கை அது. வார்ப்பிரும்பில் உடல், மேலே ஒரு மூடி, நடுவில் இரண்டு பாதியாகப் பிளந்த கன்மெட்டல் பிராஸ், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்க போல்ட்டும் நட்டும். டிராஃப்டரோடும் பென்சிலோடும் மாணவர்களை மல்லுக்கட்ட வைத்த அதே பிளாக், இப்போது கேட் (CAD) வகுப்புகளில் கணினித் திரையில் எழுந்து நிற்கிறது. சாம்பல் நிறத்தில் பளபளவென்று சுழலும்போது யாருடையதும் யாருடையதற்கும் குறைச்சலாகத் தெரியாது.

தரம் பிரிக்க ஒரு வழி உண்டு. ஷாஃப்ட் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றிருப்பதை 60 ஆக்கிப் பார்க்க வேண்டும். ஒருவருடைய மாடலில் பிராஸ் அகலும், உடல் விரியும், போல்ட்டுகள் ஒதுங்கி இடம் கொடுக்கும், மூடியும் கூடவே வளரும். இன்னொருவருடையதில் மூடி அந்தரத்தில் தொங்கும், திரையின் ஓரத்தில் வரிசையாகச் சிவப்புக் குறிகள் எரியும். கண்ணுக்கு அழகாயிருந்த இரண்டில் எது வேலை தெரிந்த கையால் ஆனது என்பது அந்த நொடியில் தெரிந்துவிடும்.

கோடு தன் உறவுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கலையின் தொடக்கத்திலேயே இருந்தது. 1963இல் எம்.ஐ.டி. முனைவர் பட்டத்துக்காக ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’, டிஎக்ஸ்-2 என்ற பெரிய கணினியில் ஓடியது. ஒளிப் பேனாவால் கோணல்மாணலாக இழுத்துவிட்டு, ‘இவை இரண்டும் இணையாக இருக்கட்டும்’ என்று கட்டளையிட்டால் கோடுகள் தாமே நிமிர்ந்துகொள்ளும். சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கணிதவியலாளர் சாமுவேல் கைஸ்பெர்க், 1985இல் பி.டி.சி. நிறுவனத்தைத் தொடங்கி, அளவை மாற்றினால் முப்பரிமாண உருவமே மாறிக்கொள்ளும் ‘புரோ எஞ்சினியர்’ மென்பொருளைக் கொண்டுவந்தார். 1995இல் ‘சாலிட்வொர்க்ஸ்’ அதே முறையைச் சாதாரண விண்டோஸ் கணினிக்கு இறக்கிவைத்தது.

பிளம்மர் பிளாக்கின் அடித்தட்டுக்கு ஒரு செவ்வகம் போதும். ‘ஃப்ரீகேட்’ என்ற இலவச மென்பொருளில் அதை வரைந்தால், இன்னும் நான்கு விடுதலைகள் பாக்கி என்று ஓரத்தில் ஓர் எச்சரிக்கை வரும். செவ்வகம் இடவலமாக நகரலாம், மேல்கீழாக நகரலாம், நீளலாம், அகலலாம். அவசரக்காரர் நான்கு அளவுகளைத் தட்டி முடித்துவிடுவார். விவரம் தெரிந்தவர் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து ஒரிஜின் புள்ளிக்குச் சமச்சீராக்குவார். அந்த ஒரே கட்டுப்பாட்டில் இரண்டு விடுதலைகள் போய்விடும். மிச்சம் நீளமும் அகலமும். அவற்றையும் கொடுத்ததும் கோடுகள் மொத்தமும் பச்சைக்கு மாறும். சாலிட்வொர்க்ஸில் இதே கட்டத்தில் நீலக் கோடுகள் கறுப்பாகும். அந்த நிறமாற்றத்தில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. கணக்கு சரியாக வந்த மாணவனுக்கே அது புரியும். ஒரிஜினை நடுவில் வைத்ததன் லாபம் பின்னால்தான் வரும்: பாதி உடலை மட்டும் செய்து மறுபாதியை ‘மிரர்’ போட்டுவிடலாம்.

ஓரத்தில் மேலிருந்து கீழாக இறங்கும் பட்டியலைத்தான் ‘ட்ரீ’ என்கிறார்கள். ஸ்கெட்ச், அதை உயர்த்திய திடம், அதில் வெட்டிய துளை என்று செய்த வேலையெல்லாம் செய்த வரிசையிலேயே அங்கே இருக்கும். ரசிகர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விளிம்புகளை மழுக்கும் ஃபில்லட்டுகள் கடைசியில் இருந்தால் நல்ல அறிகுறி. நடுவிலேயே ஃபில்லட் போட்டு, அந்த வளைவின் விளிம்பையே பிடித்து அடுத்த ஸ்கெட்சை வரைந்தவர், பின்னால் ஆரத்தை மாற்றும்போது அழ வேண்டியிருக்கும்.

திடத்தின் ஒரு முகத்தைப் பிடித்து வரைவதிலும் வம்பு உண்டு. மென்பொருள் ஒவ்வொரு முகத்துக்கும் எண் கொடுக்கிறது. ஆறாம் முகத்தின் மேல் ஒரு ஸ்கெட்சை ஒட்டிவிட்டு, பிறகு பழைய படியொன்றில் ஒரு துளையைச் சேர்த்தால் எண்கள் மாறிப்போய், ஸ்கெட்ச் வேறொரு பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரீகேட் பயனர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த இந்தத் தொல்லை, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் பெருமளவு குறைந்தது. ஆனாலும் பழைய கைகள் இன்னும் முகங்களை நம்புவதில்லை. அசையாத பிளேன்களிலேயே வரைகிறார்கள். சரியான பிடிவாதம்தான்.

உருவம் மட்டும் சரியாயிருந்தால் போதாது, பொருள் எப்படி உண்டாகிறது என்பதும் மாடலில் தெரிய வேண்டும். மணல் அச்சு உதிராமல் பேட்டர்ன் வெளிவர, பக்கச் சுவர்களுக்குச் சிறு சரிவு வேண்டும். ‘டிராஃப்ட்’ எனப்படும் அந்த ஓரிரண்டு டிகிரி இல்லாத உடலைக் கண்டால் கோயம்புத்தூர் ஃபவுண்டரிக்காரர் சிரிப்பார். கீழ்ப் பிராஸின் அடியில் ‘ஸ்னக்’ என்று ஒரு குட்டி முளை இருக்கிறது. உடலிலுள்ள குழியில் அது உட்கார்ந்தால்தான் ஷாஃப்ட்டோடு சேர்ந்து பிராஸும் சுற்றாமல் இருக்கும். அவசர மாடல்களில் முதலில் காணாமல் போவது இதுதான். அடித்தட்டின் துளைகள் நீள்வட்டமாக இருப்பதும் வீண் அலங்காரமில்லை. பொருத்தும்போது பிளாக்கைச் சற்றுத் தள்ளி ஷாஃப்ட்டோடு நேராக்க வேண்டும்.

இத்தனை நேர்த்தியும் பெரும்பாலும் செய்தவரோடு நின்றுவிடுகிறது. வேறு மென்பொருள் வைத்திருக்கும் கம்பெனிக்கு மாடலை அனுப்ப, ‘ஸ்டெப்’ கோப்பாக மாற்றுவார்கள். வடிவம் துல்லியமாகப் போய்ச் சேரும், ட்ரீ போகாது. அங்கே திறப்பவருக்குக் கிடைப்பது வரலாறு இல்லாத ஒரே கட்டி. தொழில் நுணுக்கம் வெளியே போகாதிருக்க, வேண்டுமென்றே அப்படி அனுப்புகிறவர்களும் உண்டு.