கேட்கப்படாத குரல்

விளையாட்டைப் பொருளாகக் கொண்டு எழுந்த புதினங்களில் வெற்றி பெற்றவரைப் போற்றுவன பல. தோல்வியுற்ற பயிற்றுநர் ஒருவரின் 44 நாள்களை எடுத்துக்கொண்டு, அவர் உள்ளத்தைத் திறந்துகாட்ட முனைந்தது, டேவிட் பீஸ் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி டேம்ட் யுனைடெட்’ எனும் ஆங்கிலப் புதினம். 2009இல் திரைப்படமாகவும் வந்த இப்படைப்பைத் திறனாயும்போது ஒரு வினா எழுகின்றது. புதிய பயிற்றுநரால் மனம் நொந்த இரசிகனின் குரல் இதில் எங்கே?

கதைக்கு அடிப்படையான வரலாறு சுருக்கமானது. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் யுனைடெட் காற்பந்துக் குழுவை டான் ரெவி 13 ஆண்டுகள் வழிநடத்தினார். இரண்டாம் பிரிவில் தவித்த குழு 1969இலும் 1974இலும் முதற்பிரிவின் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. 1974இல் ரெவி தேசியக் குழுவின் பொறுப்பேற்றுச் செல்ல, அவரிடத்தில் பிரையன் கிளஃப் அமர்த்தப்பட்டார். 1972இல் டார்பி கவுண்டியை வெற்றி பெறச் செய்த அவர்தம் ஆற்றலில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும், லீட்ஸின் ஆட்டம் நேர்மையற்றது என்று பலரறியப் பழித்து வந்தவரும் அவரே.

புதினத்தின் தனிச்சிறப்பு அதன் கட்டமைப்பாகும். லீட்ஸில் கழிந்த நாள்கள் தன்மையிடத்தில் நாள்தோறும் விரிகின்றன. கிளஃபின் முந்தைய வாழ்வு முன்னிலையில் இடையிடையே ஓடுகின்றது. ஒருவனுடைய செருக்கும் அச்சமும் ஒரே மூச்சில் வெளிப்படுவதை இவ்வுத்தி நன்கு உணர்த்துகின்றது. எனினும், அனைத்தையும் கிளஃபின் கண்கொண்டே காண்பதால், அரங்கை நிறைத்த மக்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இரைச்சலாகவே நின்றுவிடுகின்றனர். இது குறையே.

அம்மக்களின் சினத்தை வெறும் பொறுமையின்மை என ஒதுக்க இயலாது. முந்திய பருவத்தில் முதல் 29 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாத குழு, கிளஃபின்கீழ் ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. அதனினும் பெரிது, மதிப்பிழந்த வேதனை. ஏமாற்றி வென்ற பதக்கங்களைக் குப்பையில் எறியுமாறு புதியவர் கூறினார் என்று ஆட்டக்காரர்களே பின்னர் நினைவுகூர்ந்தனர். பதக்கம் ஆட்டக்காரனுக்கு உரியது. அது தந்த பெருமையோ, வாரந்தோறும் உழைத்த காசில் சீட்டு வாங்கி மழையிலும் குளிரிலும் நின்றவனுக்கும் உரியது. அவன் நேசித்த காலத்தையே பொய்யென்று கூறியவரை அவன் எங்ஙனம் வரவேற்பான்?

ஆயினும், இரசிகனின் தீர்ப்பு எப்பொழுதும் சரியாவதில்லை. கிளஃப் டார்பியிலிருந்து அழைத்து வந்த ஜான் மெக்கவர்னை லீட்ஸ் அரங்கம் கூச்சலிட்டு இகழ்ந்தது. அதே மெக்கவர்ன், கிளஃபின்கீழ் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் குழுவின் தலைவராக 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை ஏந்தினார். லீட்ஸோ, கிளஃபுக்குப் பின்வந்த ஜிம்மி ஆர்ம்ஃபீல்டின்கீழ் 1975இல் அக்கிண்ணத்தின் இறுதியாட்டத்தை எட்டித் தோற்றது. எனவே, பயிற்றுநர் திறமையற்றவருமல்லர். குழு வலிமை குன்றியதுமன்று. இரண்டும் பொருந்தவில்லை என்பதே உண்மை.

அவ்வாறாயின், பழி யாரைச் சாரும்? ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் இரு பிழைகளைச் சுட்டுகின்றார். ஆய்ந்து பாராது ஒருவரை நம்புவது ஒன்று. நம்பியபின் அவர்மீது ஐயங்கொள்வது மற்றொன்று. லீட்ஸ் நிருவாகம் 44 நாள்களுக்குள் இவ்விரண்டையும் செய்து முடித்தது. தங்களைப் பழித்தவரைத் தேர்ந்தெடுத்தவர்களே, எதிர்ப்பு எழுந்ததும் அவரைக் கைவிட்டனர். இரசிகனின் கோபம் பயிற்றுநர்மீது பாய்ந்தது. பாய்ந்திருக்க வேண்டிய இடம் நிருவாகக் குழுவின் அறையாகும்.

பள்ளியாயினும் சங்கமாயினும், புதிதாய்த் தலைமையேற்பவர் பழையதைத் திருத்தலாம்; திருத்தவும் வேண்டும். ஆனால், அதனைக் கட்டியவர்களையும் நேசித்தவர்களையும் இழிவுபடுத்தித் தொடங்கும் சீர்திருத்தம் வேர்கொள்வதில்லை. தலைவனின் தனிமையை அழகுறத் தீட்டிய பீஸ், அரங்கில் நின்றவனின் துயரத்தையும் தீட்டியிருப்பாரேல், இப்புதினம் ஒரு மனிதனின் கதையாக மட்டுமன்றி, ஓர் ஊரின் கதையாகவும் உயர்ந்திருக்கும்.