பொழுதுபோக்குத் தளங்களும் இலக்கியமும்

விமரிசனம் என்பது அச்சாகி, அட்டை போட்டு வந்த புத்தகங்களைப் பற்றித்தான் செய்யப்பட வேண்டும் என்று நம்மிடையே ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை என்று நான்கு அறைகளைக் கட்டி, அவற்றுக்குள் அடங்காதது எதுவும் இலக்கியப் பரிசீலனைக்கு உரியதில்லை என்று ஒதுக்கிவிடுகிறோம். கடிதமும் நாட்குறிப்பும் வெகு காலம் வாசலிலேயே நின்றன. இப்போது அவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. இன்னும் வாசலிலேயே நிற்கிற ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். தனி மனிதர் ஒருவர், கூலியையோ வியாபாரத்தையோ எதிர்பார்க்காமல், தன் ஆசைக்காகத் தன் கையாலேயே கட்டி வைக்கிற இணையதளம்தான் அது.

இந்த விஷயத்தில் நான் நிபுணன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மூன்று வருஷங்களாக ஒரு தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் பிறர் கட்டியவற்றைப் பல வருஷங்கள் படித்திருக்கிறேன். நாவல் எழுதுகிறவன் பிறர் நாவலைப் பற்றிப் பேசும்போது அவனுக்கு இருக்கிற தகுதியும் குறையும் எனக்கு இங்கேயும் உண்டு.

எனக்கு இதில் அக்கறை பிறந்ததற்கு ஒருவருடைய பக்கங்களே காரணம். அவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ஓடி, பின்பு நின்றுபோன ரயிலைப் பற்றி ஒரு தளம் வைத்திருந்தார். ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. தலைப்பில் ஒரு பொம்மை ரயில் இடமிருந்து வலமாக ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணால் பார்க்கச் சகிக்காது. ஆனால் படிக்கத் தொடங்கினால் எழுந்திருக்க முடியாது. திருக்கடையூர்ப் பக்கத்தில், அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் கடைசி ரயிலைத் தவறவிட்டு, அறுபது வயது மாப்பிள்ளை மாலையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் தூங்கியதை ஒன்பதே வரிகளில் சொல்லியிருந்தார். வர்ணனை கிடையாது, உபதேசம் கிடையாது. டிக்கெட்டையும் சில்லறையையும் எண்ணி எண்ணிப் பழகிய கை, வார்த்தையையும் எண்ணித்தான் கொடுத்தது.

அதைவிட முக்கியமானது அவர் கையாண்ட உருவம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டே சுட்டிகள்: முந்தைய ஸ்டேஷன், அடுத்த ஸ்டேஷன். வேறு வழியில் எங்கும் போக முடியாது. செம்பனார்கோவிலிலிருந்து பொறையாற்றுக்குப் போக வேண்டுமானால் ஆக்கூரையும் திருக்கடையூரையும் கடந்துதான் போக வேண்டும். வாசகன் ரயிலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறான். உண்மையில் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறான். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். இந்த மனிதர் அதைப் பேசாமல் செய்துவிட்டார். என்னுடைய பிரயாணக் கட்டுரைகள் எதிலும் இது கைகூடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

இந்த வகை எழுத்துக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1994-ல் டேவிட் பொனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் ஆரம்பித்த நிறுவனம் பிற்பாடு ஜியோசிட்டீஸ் என்று பெயர் பெற்றது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பக்கம் போட்டுக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே மனை பிரித்துக் கொடுப்பதுபோலப் பேட்டை பேட்டையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டர் பித்தர்களுக்குச் சிலிகான் வேலி என்று பேட்டைகளுக்குப் பெயர். லட்சக் கணக்கானவர்கள் குடியேறினார்கள். 1999-ல் யாஹூ நிறுவனம் 350 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதை வாங்கிற்று. 2009 அக்டோபரில் அமெரிக்கத் தளத்தை மூடிவிட்டது. குடியிருந்தவர்களுக்கு அவகாசம் சில மாதங்கள்தான். ஆர்க்கைவ் டீம் என்ற தொண்டர் கூட்டம் முடிந்த மட்டும் பிரதி எடுத்து, 2010-ல் அந்தக் குவியலை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது.

ஓல்யா லியாலினா என்ற கலைஞர் இந்தப் பக்கங்களுக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர். நட்சத்திர வானப் பின்னணி, ஆடும் படங்கள், மண்வெட்டியோடு ஒருவன் தோண்டிக்கொண்டிருக்கும் ‘வேலை நடக்கிறது’ பலகை ஆகியவற்றைக் கண்டு சிரிக்கக் கூடாது, அவை சாதாரண மக்கள் வலையில் பேசிய வட்டார மொழி என்ற கருத்தை 2005-ல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். வட்டார மொழி என்பது சரி. ஆனால் வட்டார மொழியில் நல்ல கதையும் எழுதலாம், மோசமான கதையும் எழுதலாம். காப்பாற்றப்பட்ட பக்கங்களில் நான் பார்த்த வரையில், பெரும்பாலானவற்றில் நல்வரவு இருக்கிறது, விருந்தினர் புத்தகம் இருக்கிறது, பத்துச் சுட்டிகள் இருக்கின்றன. சொல்வதற்கு விஷயம் இல்லை. வாசலில் பெரிய கோலம். உள்ளே ஆள் இல்லை. சரித்திர மதிப்பு வேறு, இலக்கிய மதிப்பு வேறு. முன்னதைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, பின்னதைத் தேட வேண்டியது விமரிசகன் வேலை.

நான் சொந்தமாகத் தளம் கட்டத் துணிந்ததற்குக் காரணம் கோபம். என் கட்டுரைகள் பலவற்றை வெளியிட்டிருந்த ஒரு பத்திரிகை தன் தளத்தைப் புதுப்பித்தது. புதுப்பித்த மறுநாள் பழைய விலாசங்கள் எல்லாம் செத்துப்போயின. கட்டுரைகள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நல்ல விலாசம் மாறக் கூடாது என்று, இந்த வலையையே உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைப்பதற்கும் கடைப்பிடிப்பதற்கும் உள்ள தூரம் எல்லாத் துறைகளிலும் ஒன்றுதான் போலும்.

முதலில் ஒரு நிறுவனத்தின் ஆயத்தக் கருவியை வாடகைக்கு எடுத்தேன். படங்களை இழுத்து இழுத்து வைத்தால் பக்கம் தயாராகிவிடும். நான் தேர்ந்தெடுத்த மாதிரியில் ஒரு மேஜை, ஒரு மடிக்கணினி, ஒரு பெரிய வெள்ளைக் கோப்பை. அந்த மாதிரிக் கோப்பையில் நான் ஜன்மத்தில் காப்பி குடித்ததில்லை. எட்டு மாதம் கழித்து வெளியேற நினைத்தபோது, எழுதியவற்றை மொத்தமாக எடுத்துக்கொண்டு போக வழி இல்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு கட்டுரையாகப் பிரதி செய்துகொண்டு வந்தேன்.

இரண்டாவதாக என் சகோதரி பிள்ளை உதவிக்கு வந்தான். “மாமா, இப்போதெல்லாம் யாரும் பக்கத்தைக் கையால் எழுதறதில்லை. நீங்க எழுதிப் போட்டால் போதும், மற்றதை இது பார்த்துக்கும்” என்று ஓர் இயந்திரத்தை நிறுவிக் கொடுத்தான். உத்தமமான இயந்திரம்தான். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வைத்திருப்பவனுக்கு அது அவசியமும்கூட. ஆனால் அதைப் பழக்குவதிலும் திருத்துவதிலும் மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரத்தில் நான் ஒரு வரி எழுதவில்லை. எழுதவில்லை என்ற குற்ற உணர்ச்சியும் எழவில்லை. ஏதோ பெரிய வேலை செய்கிறோம் என்ற திருப்திதான் இருந்தது. பேனா வாங்குவதும் நோட்டுப் புத்தகம் தைப்பதும் எழுதுவதாகாது என்பது பழைய பாடம். புதிய கருவியோடு வந்ததால் அதை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவதாக நோட்பேடுக்கு வந்து சேர்ந்தேன். தலைப்பு, பாரா, சுட்டி, படம் ஆகிய நான்குக்கும் ஹெச்.டி.எம்.எல். குறிகளைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். அதற்கு மேல் ஒப்பனைக்கு ஆறே வரிகள்: வரியின் அகலம், எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையே இடைவெளி என்று. தமிழுக்கு இந்த இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். மேலே ஈகாரச் சுழியும் கீழே ஊகாரக் காலும் முட்டிக்கொள்ளும். இதை எந்த ஆயத்தக் கருவியும் எனக்குச் சொல்லவில்லை. கையால் செய்தபோதுதான் தெரிந்தது.

எடையைப் பற்றியும் அப்போதுதான் யோசித்தேன். யூனிகோடில், யூ.டி.எஃப்.-8 முறைப்படி, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் மெய்ப்புள்ளியும் இகரக் கொக்கியும் சேர்த்து ஐந்து குறிகள். ஆகவே 15 பைட். இப்படிக் கணக்குப் போட்டால் ஒரு நீண்ட கட்டுரை ஏறத்தாழ 40 கேபி வரும். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படம் 4 எம்பி. ஒரு படத்தின் எடையில் நூறு கட்டுரைகள்! என் வீட்டுத் தென்னை மரத்தின் படத்துக்கு அவ்வளவு மரியாதை தேவையா என்று கேட்டுக்கொண்டு, அதைச் சுருக்கிப் போட்டேன். கிராமத்தில் சிக்னல் குறைவான இடத்திலிருந்து படிக்கிற ஒருவருக்குப் பக்கம் உடனே திறப்பதும் நடையழகில் ஒரு பகுதிதான்.

எளிமைக்கு இன்னொரு பலன் ஆயுள். ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் 1991-ல் தோன்றிய உலகின் முதல் தளத்தின் 1992-ஆம் வருஷத்துப் பிரதியை, 2013-ல் பழைய விலாசத்திலேயே மறுபடி வைத்தார்கள். இன்றைய ப்ரௌஸரும் அதைத் தடுமாறாமல் காட்டுகிறது. அதற்கு எவ்வளவோ பின்னால் ஃப்ளாஷ் என்ற கருவியைக் கொண்டு கட்டிய ஆடம்பரமான தளங்கள், 2020 முடிவில் அடோபி நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டதும் ஊமையாகிவிட்டன.

தமிழில் இந்தப் பாடத்தை நாம் வேறு விதமாகப் படித்தோம். 1995-ல் சிங்கப்பூரில் கவிதைத் தொகுப்பு ஒன்றின் மூலம் தமிழை வலையில் ஏற்றியவர் நா. கோவிந்தசாமி. அவர் கதாசிரியர் என்பது எனக்குத் தனிப் பெருமை. அந்த நாட்களில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு; எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை. அதை இறக்கிக்கொள்ளாதவனுக்குக் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள்தான் தெரியும். அப்படி எழுதப்பட்டு, மாற்றி வைக்க ஆளில்லாமல் விடப்பட்ட பக்கங்கள் இன்று யாரும் படிக்க முடியாத சாசனங்களாகக் கிடக்கின்றன. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் என்ற ரசாயன விஞ்ஞானியும் நண்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டம் பிழைத்துக்கொண்டது. காரணம் எளிது. தொண்டர்கள் தட்டச்சு செய்த நூல்களைப் பழைய குறிமுறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அந்தத் தளத்தில் அலங்காரம் ஏதும் கிடையாது. பட்டியல் ஒன்று, நூல்கள் அடுத்து. பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலைதான் அது. பெரிய ஸ்தாபனங்கள் செய்திருக்க வேண்டியதை அது செய்தது.

ரயில்வே குமாஸ்தாவின் தளத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் இறந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு எதையோ சரிபார்ப்பதற்காகத் திருக்கடையூர்ப் பக்கத்தைத் தேடினேன். ரம்மி ஆட அழைக்கும் விளம்பரம் வந்தது. அவருடைய மகளைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். வருஷா வருஷம் அந்தப் பெயருக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. ஞாபகக் கடிதங்கள் அப்பாவின் மின்னஞ்சலுக்குத்தான் போயிருக்கின்றன. அதைத் திறக்கும் ரகசியச் சொல் அவரோடு போய்விட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய பிரதிகளில் தேடினோம். முதல் பக்கமும் செம்பனார்கோவிலும் கிடைத்தன. பொம்மை ரயில் இருந்த இடத்தில் ஓர் உடைந்த சதுரம். ‘அடுத்த ஸ்டேஷன்’ என்பதை அழுத்தினால் பக்கம் இல்லை என்று வந்தது. அந்தப் பெண் திரும்பத் திரும்ப அதை அழுத்திக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு நான் செய்தவை மூன்று. என் தளம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். நோட்பேடில் எழுதியதால் நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. பெயருக்குப் பணம் கட்டும் தேதியையும் ரகசியச் சொல்லையும் ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தேன். சகோதரி பிள்ளையைக் கூப்பிட்டு அந்தக் காகிதம் இருக்கும் இடத்தைச் சொன்னேன். “எதுக்கு மாமா இதெல்லாம் இப்போ?” என்று சங்கடப்பட்டான். உயில் எழுதுகிறவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

விமரிசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜியோசிட்டீஸ் மூடிய பிறகும் இந்த ஆசை சாகவில்லை. கைல் டிரேக் என்பவர் 2013-ல் நியோசிட்டீஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார். அங்கேயும் ஜனங்கள் வந்து கையால் பக்கம் கட்டினார்கள். தமிழிலும் பலர் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஒருவர், தாத்தாவின் சமையல் குறிப்புகளை வைத்து ஒருவர் என்று. நூற்றில் தொண்ணூறு சாதாரணமாகத்தான் இருக்கும்; நாவல்களிலும் அதே விகிதம்தான். மீதிப் பத்தை யாராவது உட்கார்ந்து படித்து, இது நன்றாக இருக்கிறது, இன்ன காரணத்தால் நன்றாக இருக்கிறது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ரயில்வே குமாஸ்தா உயிரோடு இருந்தபோது நான் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் யாராவது ஒருவர் அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கக்கூடும். மாலையைத் தலைக்கு வைத்துத் தூங்கிய மாப்பிள்ளையின் ஒன்பது வரிகளில் இப்போது எனக்கு நான்குதான் ஞாபகம் இருக்கிறது.