‘அருளர்’ முதல் ‘கலா’ வரை: ஓர் இசைப்பயில்வு பற்றிய குறிப்புகள்

இசைக்கலைஞர் ஒருவரின் பயில்வைப் பற்றி எழுதுமிடத்துக் குருவின் பெயரையும் அரங்கேற்றம் நிகழ்ந்த ஆண்டையும் முதலிற் குறிப்பிடுவது எம்மிடையே வழக்கம். இணுவில், அளவெட்டி ஆகிய ஊர்களின் தவில், நாதஸ்வரக் கலைஞரைப் பொறுத்தவரை அது பொருந்தும். எம்.ஐ.ஏ. என்ற பெயரால் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசத்துக்குக் குருவுமில்லை, அரங்கேற்றமுமில்லை. அதனாற்போலும், அவரைப் பற்றிய எமது விவாதங்கள் இசையைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன. எமது துயரை உலகறியச் செய்தவர் என்பர் ஒருசாரார். போரை அணிகலனாக்கி விற்றவர் என்பர் மறுசாரார். இரு சாராரும் அவருடைய பேட்டிகளை வாசித்த அளவுக்கு இசைத்தட்டுகளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

1975 இல் இலண்டனிற் பிறந்த மாதங்கி, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தையார் ஈரோஸ் இயக்கத்தின் நிறுவுநர்களுள் ஒருவர்; அருளர் என்பது அவரது இயக்கப் பெயர். 1977 வன்செயல்களில் அகதிகளானோரைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிவந்த கப்பலைக் களமாகக் கொண்ட ‘லங்கா ராணி’ நாவலின் ஆசிரியர் என்ற வகையில் எமது இலக்கிய மாணவர் அவரை அறிவர். மகளின் செவியிலோ இலக்கியமோ சாஸ்திரிய இசையோ முதலில் விழவில்லை. சினிமாப் பாட்டே விழுந்தது. 1982 இல் வெளிவந்த ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்திற்குப் பப்பி லஹரி இசையமைத்த ‘ஜிம்மி’ பாடலுக்குச் சிறுவயதில் விருந்துகளில் ஆடியதாக அவரே கூறியுள்ளார். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் ‘கலா’வில் அதே பாடலை அவர் மீளப்பாடியமை ஏளனமன்று. தமது முதற்பாடத்தை அவர் மறைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை, மீண்டும் யாழ்ப்பாணம், 1986 இல் அகதியாக இலண்டன் என அவ்வாழ்க்கை நகர்ந்தது. தென் இலண்டனில் மிச்சம் பகுதியிலிருந்த அரசாங்க வீட்டுத்தொகுதியில், அயல்வீட்டு வானொலியூடாகவே ஹிப்-ஹொப் அவரை வந்தடைந்தது. ஆங்கிலம் அப்போது அவருக்குப் புதிது. இவ்விடயம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பொருள் விளங்காத மொழியிற் பாட்டைக் கேட்பவருக்குச் சொல் முதலில் ஓசையாகவும் தட்டாகவுமே புலப்படும். ‘பப்ளிக் எனிமி’ போன்ற குழுவினரின் அரசியலை அவர் பின்னர் அறிந்திருப்பார். தாளம் அதற்கு முன்னரே உள்ளே புகுந்துவிட்டது என நான் கருதுகின்றேன்.

சென்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் அவர் கற்றது திரைப்படம், இசையன்று. ‘எலாஸ்ரிக்கா’ குழுவின் 2000 ஆம் ஆண்டு இசைத்தட்டுக்கு உறை வரைந்தார். அக்குழுவின் அமெரிக்கச் சுற்றுலாவைப் படம்பிடிக்கச் சென்றவிடத்து, ‘பீச்சஸ்’ என்னும் பாடகி அவருக்கு ‘றோலண்ட் எம்சி-505’ என்ற பொறியை அறிமுகம் செய்தார். மேசைமீது வைத்து இயக்கத்தக்க பொறி அது. முரசொலிகளும் செயற்கை ஒலிகளும் அதனுள் உள்ளன. குறுகிய தாளக்கட்டொன்றை அமைத்து ஓடவிட்டால் நிறுத்தும்வரை அது சுழன்றுகொண்டிருக்கும். அதன்மேல் இன்னொன்று, அதற்குமேல் மற்றொன்று என அடுக்கலாம். இராகத்தை விரித்துச் செல்ல அது அத்துணை இடந்தராது. அடுக்குதலுக்கும் நீக்குதலுக்கும் தாராளமாக இடந்தரும். இப்பொறியோடும் பழைய நாற்தட ஒலிப்பதிவுக் கருவியோடும் அவர் ஆறு பாடல்களை மாதிரிப்பதிவாகச் செய்தார். அவற்றுளொன்றாகிய ‘கலாங்’ 2003 இல் ஐந்நூறு தட்டுகளாக மட்டும் வெளிவந்தது.

‘கலாங்’ பாடலில் சுரவளம் மிகக் குறைவு. குரலும் ஒரு முரசாகவே இயங்குகிறது. இறுதியில், எவ்வித முன்னறிவிப்புமின்றி, சொல்லற்ற கூட்டுக்குரல் ஒன்று எழுகிறது. அண்ணாவியாரின் பாட்டைப் பிற்பாட்டுக்காரர் ஏந்தி எடுக்கும் காத்தவராயன் கூத்தின் ஒலி எனக்கு அங்கே கேட்கிறது. மூலம் அதுதான் என வாதிடேன். கேட்கிறது என்பது மட்டும் உண்மை.

2005 இல் வந்த ‘அருளர்’, மேர்க்குரிப் பரிசின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. தந்தையின் பெயர் தாங்கிய அவ்விசைத்தட்டில் ஈழம் பெயராகவும் படிமமாகவும் சொல்லாகவும் இருக்கிறது, ஒலியாக இல்லை. தாள அடுக்கின் சிக்கனம் வியக்கத்தக்கது. எனினும் புலி, குண்டு, படை எனவரும் சொற்கள் அத்தாளத்தின்மீது ஒட்டிய சுவரொட்டிகளாகவே நிற்கின்றன. எமது விமர்சகர் பலர் இதனையே அவரது அரசியற்படைப்பு எனக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தாயின் பெயர்கொண்ட ‘கலா’ (2007) வேறு வகையினது. 2006 இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டமையால், அங்கு செய்யவிருந்த ஒலிப்பதிவு இந்தியா, திரினிடாட், யமேக்கா, லைபீரியா எனச் சிதறியது. சென்னையிலே உறுமிக் கலைஞர்களை வைத்துப் பதிந்த தாளமே ‘பேர்ட் ஃப்ளூ’, ‘போய்ஸ்’ ஆகியவற்றின் முதுகெலும்பு. 505 பொறியில் அடுக்கக் கற்றவர் இங்கு மனிதரின் கைகளை அடுக்குகிறார். பொறியின் துல்லியம் தளர்ந்து, முரசுகள் ஒன்றையொன்று முந்துகின்றன. மேடையேற்றத் தகாதவை எனச் சாதிச்சமூகம் ஒதுக்கிவைத்த தோற்கருவிகளின் உறவினை இங்கு எவ்விதப் பூச்சுமின்றி முன்னுக்கு வருகிறது. ஓமந்தையிலுள்ள எமது வீட்டில் இப்பாடலை ஒலிக்கவிட்டபோது, “ஆற்றை செத்தவீடு?” என்று அம்மம்மா கேட்டார். ‘அருளர்’ தட்டிலுள்ள எந்தப் பாடலும் அவரிடமிருந்து ஒரு கேள்வியையேனும் பெறவில்லை.

எனினும் உறுமி தமிழகத்தின் வாத்தியம். வன்னியின் பறையோ, முல்லைத்தீவுக் கோவலன் கூத்தின் மத்தளமோ ‘கலா’வில் இல்லை. அதே 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி முகமாலையில் அடைபட்டது. ஓமந்தைக் கடவை திறப்பதும் மூடுவதுமாயிற்று. அருளரின் மகள் ஒலிவாங்கியோடு இவ்வழியே வருவது நினைத்தும் பார்க்கவியலாத காரியம். ஆதலால் அவருக்கு எட்டிய தமிழ்த்தாளம் கோடம்பாக்கத்தின் தாளமே. இதனை அவரது குறையாக எண்ணுவது நீதியன்று. ஆனால் உலகம் ‘ஈழத்து ஒலி’ என்று கேட்டுக்கொண்டிருப்பது எதனை என்பதை நாமாவது தெரிந்திருத்தல் வேண்டும்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலை இங்கு தவிர்க்கவியலாது. ‘த கிளாஷ்’ குழுவின் பழைய கிற்றார் இசைமீது, பல்லவியின் சொற்களுக்குப் பதிலாகத் துப்பாக்கி வெடிகளும் காசுப்பெட்டியின் மணியும் ஒலிக்கின்றன. குடியேறியோரைக் கொள்ளையராக நோக்கும் மேலைநாட்டு மனத்தை எள்ளுவதே அதன் நோக்கம். தாள அமைப்பு என்ற வகையில் அவ்விடம் குற்றஞ்சொல்லமுடியாதது. வெடிகள் மிகச்சரியாக அடியில் விழுகின்றன. எனக்கு இடர்தருவதும் அதுவே. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவ்வொலியை மாற்றியபோது அவர் சினந்தார். கலைஞர் என்ற முறையில் அச்சினம் நியாயமானது. எமது வீட்டிலும் அப்பாடல் முதலாவது பல்லவியோடு நின்றுபோயிற்று. 2009 இல் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து முகாமுக்குச் சென்றவர் அம்மம்மா. வெடி அடியில் விழுந்ததா, அடிக்கு வெளியே விழுந்ததா என்று அவர் பார்க்கவில்லை.