காமன் கம்பமும் காண்போர் உடலும்

சிற்பம் கண்ணுக்குரிய கலை என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். சிற்பம் பீடத்தில் நிற்கும். காண்போன் எட்ட நிற்பான். இடையிலுள்ள வெளியைக் கண் மட்டுமே கடக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மேலைநாட்டுக் கலைஞர் சிலர் இவ்வெளியை அகற்ற முற்பட்டனர். பிரேசில் நாட்டு லிஜியா கிளார்க் 1960ஆம் ஆண்டளவில் படைக்கத் தொடங்கிய ‘உயிரிகள்’ கீல்களால் இணைந்த உலோகத் தகடுகளே. காண்போர் தம் கையால் மடித்தும் விரித்தும் பார்த்தாலன்றி அவை முழு வடிவம் பெறா. 1971இல் அமெரிக்கச் சிற்பி ரொபர்ட் மொரிஸ் லண்டன் டேட் கலைக்கூடத்தில் மரச் சாய்தளங்களையும் கயிறுகளையும் அமைத்து, வந்தோரை ஏறவும் இழுக்கவும் அழைத்தார். ஆர்வம் அளவு கடந்தது, சிலர் காயமுற்றனர், சில நாள்களிலேயே கண்காட்சி மூடப்பட்டது. 2009இல் டேட் மொடர்ன் கூடத்தில் அது உறுதியான பொருள்களால் மீண்டும் அமைக்கப்பட்டது.

இவற்றைப் பங்கேற்புச் சிற்பம் என்பர். பெயர் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று. கோயில் தேர் ஒரு பெரும் மரச்சிற்பம். வடம் பிடிப்பார் இன்றேல் அது அசையாது. எனினும், காண்போர் உடல் என்னும் இவ்வினாவை ஆராய்தற்கு நம் மலையகத் தோட்டங்களின் காமன் கூத்தே சிறந்த சான்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையளவில் தோட்டத்துப் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றப்படும். கரும்பு, மரக்கிளை, வைக்கோல் முதலியன கொண்டு அதனை அமைப்பர். பொருள்கள் இடத்துக்கிடம் வேறுபடும். அன்று முதல் இரவுதோறும் தப்பின் முழக்கத்தோடு மக்கள் கூடுவர். ரதி, மன்மதன் வேடம் பூணுவோர் காப்புக் கட்டி நோன்பிருப்பர். நிறைவு இரவில் வேடதாரிகள் லயம் லயமாகச் செல்வர். கூட்டமும் உடன் ஏறி இறங்கும். சிவன் நெற்றிக் கண்ணால் காமன் எரிதலும், ரதி புலம்பலும், பின்னர் காமன் உயிர்பெற்றெழுதலும் கதையின் முடிவாகும்.

கம்பத்தைச் சிற்பம் எனலாமோ என்று ஐயுறுவார் உளர். நிலைபெறும் உருவமே சிற்பம் என்பாராயின் அது சிற்பமன்று. எரிதற்கென்றே ஆக்கப்படுவது அது. ஆயினும் வெளியில் நிறுத்தப்பட்ட ஓர் உருவம், தன்னைச் சூழும் உடல்களின் நடையையும் நிலையையும் மாற்றுமாயின், சிற்பத்தின் தொழிலை அது செய்கின்றது. கம்பம் ஊன்றிய பின் பொட்டல் வெறும் மண்ணன்று. அதனை மிதிப்போரும் வெறும் பார்வையாளர் அல்லர்.

இவ்விடத்தே ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கலைக்கூடத்தில் தொடுமாறு அழைக்கப்படுவோன் விருந்தினன். அழைத்தவர் விலக்கினால் அவன் விலகவேண்டும். மொரிசின் கண்காட்சி மூடப்பட்டபோது வந்தோர்க்கு அதில் உரிமை ஏதும் இல்லை. காமன் கம்பமோ அதனை ஊன்றியவர்க்கே உரியது. அதன் ஒழுங்கைக் காப்போரும் அவரே. மேலும், கலைக்கூடத்துக்கு வரும் உடல் யாருடையது என்று மேலைத் திறனாய்வு பெரும்பாலும் வினவுவதில்லை. தோட்டத்து உடல் பெரட்டுக்கு எழும். துரைமார் குறித்த மலைக்கு ஏறும். கொழுந்தின் நிறையால் அளக்கப்படும். அதே கால்கள், எவர் கட்டளையுமின்றி, மாசிப் பனியில் அதே மேட்டில் ஏறுகின்றன. பகலில் பிறர் கணக்கில் எழுதப்பட்ட உடல் இரவில் தன் கணக்கில் நிற்கின்றது. காமன் கூத்தின் கலைப்பயன் இதுவே என்பேன்.

இதனால் அக்கூத்தைக் குறையற்றதெனப் புகழ்வது முறையன்று. ரதி வேடத்தை மரபாக ஆடவரே ஏற்பர். தோட்டத்தைத் தம் விரல்களால் வாழவைக்கும் பெண்களுக்கு, கணவனை இழந்து புலம்பும் பெண்ணின் வேடம் தானும் கிட்டுவதில்லை. பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்டதும், யாருடைய உடல் உள்ளே, யாருடைய உடல் ஓரத்தே என வினவுதல் திறனாய்வாளன் கடன். இவ்வினாவினின்று கிளார்க்கும் தப்பார், காமனும் தப்பான்.

இனி, இக்கூத்தை மேடையேற்றுவோர்க்கு ஒன்று கூறவேண்டும். பல இரவுக் கூத்தைச் சிறுபொழுதில் அடக்கி மண்டபத்தில் நிகழ்த்தும்போது ஆட்டமும் பாட்டும் எஞ்சும். கம்பம் காட்சிப் பொருளாகும். காண்போர் உடலோ நாற்காலியில் அமர்ந்துவிடும். மேலைக் கலைஞர் அரிதின் முயன்று அகற்றிய இடைவெளியை நாம் வலிந்து உண்டாக்குகின்றோம். மேடை தேவையன்று எனக் கூறவில்லை. நகரத்தார் நம் கலையை அறிய அது வழியாகலாம். ஆயினும் நம் பாடசாலைகளேனும் மண்டபத்தை விட்டு மைதானத்துக்கு வரலாம். மாணவரும் மாணவியரும் சேர்ந்து கம்பம் ஊன்றட்டும். பெற்றோர் சூழ்ந்து நடக்கட்டும். ரதியின் புலம்பலை ஒரு மாணவி பாடட்டும். மரபு அதனால் கெடுமோ என அஞ்சுவோர்க்கு, ஆண்டுதோறும் எரிந்து ஆண்டுதோறும் புதிதாக ஊன்றப்படும் கம்பமே தக்க விடையாகும்.